அஞ்சலாட்சி நின்றுகொண்டே பேசினாள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து வளவனூரில் நின்றபோது அஞ்சலாட்சியின் தம்பி ஏழுமலையின் அழைப்பு வந்தது. என் மடியில் சூடு ஆறாத கஞ்சிக் குடுவை இருந்தது. "அக்கா போயிடுச்சிங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. நேரா ஊருக்கு வந்துடுங்க, நாங்க எடுத்துக்கினு கெளம்பறோம்" என்றான். நான் சரி என்றேன். புதுச்சேரியில் இறங்கி மரக்காணம் பேருந்து ஏறினேன். கஞ்சியை எங்கேயும் கொட்ட மனம் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க அதை மடியில் வைத்தபடியே போனேன்.

திண்டிவனம் நீதிமன்றத்தில் அவளோடு வழக்காடியவர்களுக்கும் அவளிடம் வழக்குக் கொடுத்தவர்களுக்கும் அவள் 'அஞ்சலாட்சி மேடம்'. இந்தக் கட்டுரையை 'அவர்' என்று எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு வரிகளுக்குள் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல ஆகிவிட்டது. எனக்கு அவள் அஞ்சலை. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல்தான் நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் தொழிலுக்கு வந்தோம். நான் கோலியனூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவள் மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்திலிருந்து வந்தவள். அந்தக் குப்பத்தில் கறுப்பு அங்கி போட்ட முதல் ஆள், ஆண்களையும் சேர்த்து. நீதிமன்றத்தில் பெண் வழக்கறிஞர்கள் என்று எண்ணினால் எங்களைத் தவிர ஓரிருவர்தான் இருந்தார்கள். உட்கார இடம் தேடியே சிநேகிதமானோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சரோஜா அம்மாள் வீட்டு மாடியில் ஓர் அறையை இருவருமாக வாடகைக்கு எடுத்தோம்.

அவள் எப்படிப் படிக்க வந்தாள் என்பதை அந்த அறையில்தான் சொன்னாள். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கு வந்த மருத்துவர் ஒருவர் அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே இதயத்தில் சின்ன ஓட்டை, பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஆனால் வெயிலில் பாரம் சுமக்க விடாதீர்கள் என்றிருக்கிறார். குப்பத்தில் பெண் பிள்ளை என்றால் மீன் கூடைதான். அதைத் தூக்கக் கூடாது என்றால் என்ன செய்வது? அவள் அப்பா பல நாள் யோசித்துவிட்டு, 'அப்போ படி' என்றாராம். கடலுக்குப் போகிற மனிதர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், சட்டப் படிப்பு வரைக்கும் விட்டார். "நெஞ்சுல ஓட்டை இல்லன்னா நான் இந்நேரம் சந்தையில கூவிக்கினு இருப்பேன்" என்று அவள் அடிக்கடி சொல்லுவாள். அதில் சோகம் இருக்காது. தனக்கு வாய்த்த ஒரு சலுகையைப் பற்றிப் பேசுகிற குரல்தான் இருக்கும்.

பேச்சுதான் அவளுடைய பலம். நீளமாகப் பேசுவாள். நிறுத்தற்குறியே இல்லாமல் பேசுகிறாள் என்று சீனியர்கள் கிண்டல் செய்வார்கள். ஒருமுறை புதுச்சேரியிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஏறிய ஒரு அம்மாவை, நாற்றம் என்று சொல்லி நடத்துநர் கிளியனூரில் இறக்கிவிட்டார். பேருந்து கிளம்பும் முன்பே அஞ்சலையும் இறங்கிவிட்டாள். அவள் இறங்கியதால் நானும் இறங்க வேண்டியதாயிற்று. வெயிலில் நின்றோம். அடுத்த பேருந்து வந்ததும் அந்த அம்மாவை முதலில் ஏற்றிவிட்டு, வாய் திறக்கப் போன நடத்துநரிடம், "கூடை காலியா இருக்குது. நாத்தம்னா என் மேலயும் அடிக்கும், நானும் மீன்காரி பொண்ணுதான். என்னயும் எறக்குவீங்களா?" என்று தொடங்கியவள், திண்டிவனம் வரும்வரை நிறுத்தவில்லை. நடத்துநர் பாவம், கடைசியில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்தது முந்தைய பேருந்துக்காரர்.

தொழிலுக்கு வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வீங்கியது. ஒரு மாலை போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வாயில் பஞ்சோடு மறுநாள் வழக்குக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கிய மருத்துவர் இதயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பல்லுக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று இவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தது. பகலில் விட்டுவிடும், சாயங்காலம் குளிரோடு வரும். ஊசி போட்டால் அடங்கும், திரும்ப வரும். அங்கி தொளதொளவென்று ஆகிவிட்டது. பிறகு இருமல். மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது என்றாள். ஒருநாள் நீதிமன்றத்தின் குழாயடியில் இருமித் துப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். சளியில் ரத்தம்.

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாகத் திட்டுகள். சளியைப் பலமுறை சோதித்தும் கிருமி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் படம் இப்படி, காய்ச்சல் இப்படி, ரத்தம் இப்படி என்றால் காசநோய்தான் என்று மாத்திரைகளைத் தொடங்கினார்கள். யார் பார்த்திருந்தாலும் அன்று அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மாத்திரை போட்டதும் காய்ச்சல் கொஞ்சம் இறங்கவும் செய்தது. அதனால் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது.

டிபி என்ற சொல் நீதிமன்ற வளாகத்தில் அவளுக்கு முன்னால் நடந்து போனது. அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. தேநீர்க் கடையில் அவளுக்கென்று ஒரு கண்ணாடிக் குவளை தனியாக ஒதுங்கியது. ஒருநாள் நாங்கள் அறைக்குத் திரும்பியபோது அவளுடைய பெட்டியும் பாயும் மாடிப்படியின் கீழே இருந்தன. சரோஜா அம்மாள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அஞ்சலை கதவைத் தட்டவில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "நோவு வந்தா வந்ததுதான். அதுக்கு ஏன்டி எல்லாரும் திருடியப் பாக்கற மாதிரி பாக்கறாங்க?" என்று கேட்டாள். அவ்வளவு பேசுகிறவள், அன்றைக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

நான் அவளைக் கோலியனூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் அம்மா வாசலிலேயே அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். எங்களோடு அவளுக்கும் ஒரே மாதிரி தட்டு. காலையில் கேப்பைக் கூழ், அவள் மறுத்தால் திட்டு. மாலையில் அம்மா ஜெபமாலை சொல்லும்போது அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "உங்க மாதா எங்க குப்பத்தம்மாவோட சண்டைக்கு வந்துடப் போறாங்க, பாத்து வேண்டுங்க" என்பாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மணியை உருட்டுவார். ஆனால் அவள் தேறவில்லை. அடங்கியிருந்த காய்ச்சல் பழையபடி ஏறியது. கால் வீங்கியது. கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்று பணியில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர், எங்களைவிட வயதில் சற்றே மூத்தவர். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவற்றைக் கீழே வைத்துவிட்டு, அவள் நெஞ்சில் குழலை வைத்தார். வெகுநேரம் குழலை எடுக்கவே இல்லை. அறையில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினார். பிறகு அவளிடம் கேட்டார்:

"சின்ன வயசுல உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது இருக்குதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ஓட்டை இருக்குதுன்னு சொன்னாங்க. அது சும்மா சின்னது."

"காய்ச்சலுக்கு முன்னாடி பல்லு எதுனா புடுங்கனீங்களா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். பல் பிடுங்கிய காயத்தின் வழியே கிருமி ரத்தத்துக்குள் போயிருக்கிறது. ஓட்டையின் வழியே ரத்தம் வேகமாகப் பீய்ச்சுகிற இடத்தில் இதயத்தின் வலப்பக்க வால்வு இருக்கிறது. அங்கே கிருமி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து பிய்ந்து பிய்ந்து வருகிற துணுக்குகளை ரத்தம் நேரே நுரையீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒவ்வொரு துணுக்கும் விழுந்த இடத்தில் புண். "நோய் நுரையீரல்ல இல்லம்மா. அங்க வந்து விழுது. கெளம்பற எடம் இதயம்" என்றார். அத்தனை மாதத்தில் முதல்முறையாக அஞ்சலை அழுததை அன்றுதான் பார்த்தேன். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சொன்னாள், "இது டிபி இல்லடி. நான் யாருக்கும் எதுவும் ஒட்ட வெக்கல."

புதுச்சேரியில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். இதயத்தைத் திரையில் காட்டும் பரிசோதனையின்போது அவள் தலையைத் திருப்பித் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். வால்வு திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் அதில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று ஆடியது. "படகுக்கு அடியில சிப்பி ஒட்டிக்கினு வளருமே, அந்த மாதிரி இருக்குது. எங்கப்பா பாத்தா சொரண்டிடுவாரு" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அத்தோடு சரி. வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. குத்துவதற்கு நரம்பு கிடைக்காமல் செவிலியர்கள் திணறினார்கள். நடுவில் நுரையீரலில் இருந்த புண் ஒன்று உடைந்து, விலாவுக்குள் சீழ் சேர்ந்துவிட்டது. விலாவில் துளை போட்டுக் குழாய் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் விட்டார்கள். அவள் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வரும். இருமினால் உயிர் போகிற வலி. பேச முயன்றால் இருமல் வரும். எனவே பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வந்து கட்டிலின் அருகில் தரையில் உட்கார்ந்திருப்பார். பெரிய உடம்பு, உப்பில் வெடித்த கைகள். பாட்டிலின் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார், "வெயில்ல நிக்க வேணாம்னு சொன்னாங்க, நிக்க வெக்கல. பாரம் தூக்க வேணாம்னு சொன்னாங்க, ஒரு கொடம் தண்ணி தூக்க விட்டதில்ல. பல்லு வழியா வரும்னு யாரும் சொல்லலியேம்மா." கட்டிலிலிருந்து ஒரு கை இறங்கி அவர் தலைமேல் இருந்தது. அவள் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கிருமி அடங்கியபின் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓட்டையை மூடினார்கள், கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு வேறு வால்வு வைத்தார்கள். இதயம் சரியாகிவிட்டது. நுரையீரல்தான் முழுதாகத் திரும்பவில்லை. புண் ஆறிய இடமெல்லாம் தழும்பாகி, ஒரு பக்கத்தின் கீழ்ப்பகுதி சுருங்கிப்போயிருந்தது. காற்று போகாத இடம் இனிமேல் போகாத இடம்தான் என்றார்கள்.

அவள் திரும்ப நீதிமன்றத்துக்கு வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கணவன் துரத்திவிட்ட ஒரு பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்ட வழக்கு. அஞ்சலை எழுந்தாள். பழையபடி நீளமான ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள். பாதியில் மூச்சு தீர்ந்துபோயிற்று. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிமன்றமே அவள் இழுக்கும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உதவிக்கு எழப் போனார். நீதிபதி, உட்கார்ந்தபடியே வாதிடலாம் அம்மா என்று கனிவாகச் சொன்னார்.

"நின்னுக்கினே பேசறேங்க ஐயா" என்றாள். நீதிமன்றத்தில் எப்போதும் எழுத்துத் தமிழில் பேசுகிறவள், அன்று ஊர்ப் பேச்சில் பேசினாள். "கொஞ்சம் கொஞ்சமா பேசறேன். கேட்டுக்குங்க."

பேசினாள். நான்கைந்து சொல், ஒரு மூச்சு. பிறகு நான்கைந்து சொல். வேண்டாத சொல் ஒன்றுக்குக்கூட அவளிடம் காற்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு அன்று சாதகமாக உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு அவள் வாதிட்டதெல்லாம் அப்படித்தான். இளம் வழக்கறிஞர்கள் அதைத் திறமை என்று நினைத்துப் பின்பற்றப் பார்த்தார்கள். "நீங்கல்லாம் நல்லா பேசுங்கப்பா, உங்களுக்கு இன்னா கொறச்சல்?" என்பாள். முழு வாக்கியம் பேச முடிந்த நாட்களை அவள் எவ்வளவு தேடினாள் என்பது எனக்குத் தெரியும். சில மதியங்களில், யாரும் இல்லாத அறையில், பழைய வாதம் ஒன்றை ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பாள். முடியாதபோது கையை விரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை அனுப்பிவிட்டாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள பல் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். இதயக் கோளாறு இருப்பவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பலகை வைக்கச் சொன்னாள். பலர் உடனே வைத்தார்கள். ஒருவர் மட்டும் அதைப் பார்த்தால் வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்றார். அவருடைய வரவேற்பறையில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் தானே கேட்க ஆரம்பித்தாள். அந்த வாரமே பலகை வந்தது. அவளுக்குப் பல் பிடுங்கிய மருத்துவரிடமும் போனாள். சண்டை போடப் போகிறாளோ என்று நான் கூடவே போனேன். நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். கடைசிவரை அவளுக்குப் பல் பார்த்தவர் அவர்தான், ஒவ்வொரு முறையும் கிருமியைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்துவிட்டு.

சரோஜா அம்மாள் ஒருநாள் வந்தார். மகன்கள் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பியிருந்தார்கள். அஞ்சலை நாற்காலியைக் காட்டினாள், வழக்கை எடுத்துக்கொண்டாள், வீட்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். தீர்ப்பு வந்த அன்று அந்த அம்மாள் அழுதுகொண்டே பழசைப் பேச வந்தார். "நீங்க பயந்தீங்க. அது தப்பில்ல. என்கிட்ட நேரா சொல்லிட்டு பயந்திருக்கலாம்" என்றாள் அஞ்சலை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பத்து ஆண்டுகளுக்கும் மேல் அப்படி ஓடியது. இந்த ஆண்டு மழைக்காலத்தில் குதிகாலில் ஒரு வெடிப்பு புண்ணாகியது. பிறகு குளிர்காய்ச்சல். ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த நேரம். எல்லாரும் அதுதான் என்றார்கள். அவள் மட்டும் முதல் நாளே என்னை அழைத்து, "வந்துடுச்சிடி, எனக்குத் தெரியும். ஜல்தியா வா" என்றாள். மருத்துவமனையில் மாத்திரை வாங்க மறுத்து, முதலில் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா பாருங்கள் என்று உறுதியாக நின்றாள். அவள் பயந்ததுதான் நடந்திருந்தது. இம்முறை கிருமி பிடித்திருந்தது வைத்த வால்வை. தவறு யாரிடமும் இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். மருந்து உடனே தொடங்கியது. ஆனால் துணுக்குகள் மறுபடி நுரையீரலில் விழுந்தன. இருந்த கொஞ்சம் இடத்திலும் விழுந்தன. வால்வை மாற்றினால்தான் பிழைப்பாள். மாற்றுகிற அறுவையை அந்த நுரையீரல் தாங்காது.

"என்ன பண்ணலாம்னு கேட்டேன். டாக்டரு தரையப் பாத்தாரு" என்று என்னிடம் சொன்னாள். முகத்தில் பிராணவாயு முகமூடி இருந்தது. பேசுவதற்காக அதை ஒதுக்கி, மீண்டும் வைத்துக்கொண்டாள். மூச்சுக்குழாய் செருகி இயந்திரத்தில் வைத்தால் சில நாள் தள்ளிப்போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"கொழாய் வெக்க வேணாம், ஸ்டெல்லா. வெச்சா பேச முடியாது."

"பேசலன்னா பரவால்லடி. இரு, போதும்."

அவள் தலையை அசைத்தாள். "ஏழுமலைகிட்ட பேசணும். எங்கப்பாகிட்ட பேசணும். உன்கிட்டயும்."

பேசினாள். முகமூடியை ஒதுக்கி இரண்டு சொல், வைத்துக்கொண்டு ஒரு மூச்சு. வயதான அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது, நான் வெளியே வந்துவிட்டேன். ஏழுமலையிடம், அவன் மகளைப் படிக்க வைக்கச் சொன்னாள்; 'உடம்புல ஒரு கொறையும் இல்லன்னாலும் படிக்க வை' என்றாளாம். என்னிடம் தன் வழக்குகளை ஒப்படைத்தாள். நான் ஊருக்குப் போய்க் கஞ்சி வைத்து எடுத்து வருகிறேன் என்றபோது, உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடு என்றாள். அதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

குப்பத்தில் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. அங்கியோடுதான் கிடத்தியிருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்து வந்த வழக்கறிஞர்களும், சரோஜா அம்மாளும், அவளுக்குப் பல் பார்த்த மருத்துவரும் மணலில் நின்றிருந்தார்கள். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். வாங்கித் திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்குதும்மா" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

அவளுடைய பொருள் எதையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு கேள்வி. உடம்பு தேறித் தொழிலுக்குத் திரும்பியபின், யார் வழக்குக் கொண்டுவந்தாலும், எல்லாவற்றையும் கேட்டு முடித்து அவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் இதைக் கேட்காமல் விட்டதில்லை: "நான் கேக்காம உட்டது எதுனா இருக்குதா?" கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

போன வாரம் அவளுடைய வழக்கு ஒன்றுக்காக வயதான ஓர் அம்மா என்னிடம் வந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று, பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டார். நான் கேட்டேன். அவர் கதவின் பிடியில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.